வெளியேறாத மூச்சு: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் செவிலியர் பராமரிப்பும்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிவிடுகின்றன. உள்ளே போன காற்று முழுவதுமாக வெளியே வர வழியில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே தங்கிப்போகிறது. மருத்துவமனைகளில் இதை சி.ஓ.பி.டி. என்பார்கள். "மூச்சை இழுக்க முடியல" என்றுதான் நோயாளி சொல்வார். ஆனால் சிக்கல் தொடங்குவது மூச்சை விடுவதில். பழைய காற்று போகாத நெஞ்சில் புதிய காற்றுக்கு இடம் இருப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால், செவிலியர் ஏன் நோயாளியை முன்பக்கம் சாய்ந்து உட்காரச் சொல்கிறார், ஏன் உதட்டைக் குவித்து ஊதச் சொல்கிறார், ஆக்சிஜனைக்கூட ஏன் அளந்தே கொடுக்கிறார் என்பதெல்லாம் விளங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் இந்த நோயால் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இறந்தார்கள். இறப்புக் காரணங்களில் அவ்வாண்டு இதற்கு நான்காவது இடம். இந்தியாவில் 1990-ல் ஏறத்தாழ 2.8 கோடியாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, 2016-ல் 5.5 கோடியாக உயர்ந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. சிதைந்த நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இருக்கும் மூச்சைச் சிக்கனமாகச் செலவிடவும், திடீர்ச் சரிவுகளைத் தவிர்க்கவும், அச்சமின்றி அன்றாடம் வாழவும் நோயாளியைப் பழக்க வேண்டும். இந்தப் பொறுப்பின் பெரும்பகுதி செவிலியரிடமும், அவரிடம் கற்றுக்கொள்ளும் குடும்பத்தாரிடமும் இருக்கிறது.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது

இந்த நோயில் இரண்டு விதமான சேதங்கள் பெரும்பாலும் கலந்தே இருக்கும். முதலாவது, மூச்சுக்குழாய்களின் நாள்பட்ட அழற்சி. குழாய்ச் சுவர் தடித்து, சளி மிகுதியாகச் சுரந்து, பாதை அடைபடுகிறது. ஆண்டுக்கு மூன்று மாதமாவது சளியுடன் கூடிய இருமல் இருந்து, அது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நீடித்தால் அதை நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்று மருத்துவர்கள் வரையறுக்கிறார்கள்.

இரண்டாவது, எம்பிசீமா எனப்படும் காற்றறைச் சிதைவு. நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பதும் கரியமில வாயு வெளியேறுவதும் இவற்றின் மெல்லிய சுவர்கள் வழியாகத்தான். இந்தச் சுவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பந்தல் துணியை நாற்புறமும் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல, சின்னஞ்சிறு மூச்சுக்குழாய்கள் மூடிக்கொள்ளாதபடி அவை சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கயிறுகள் அறுந்தால் பந்தல் தொய்வதுபோல, சுவர்கள் சிதைந்தால் மூச்சை விடும் நேரத்தில் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. காற்று உள்ளேயே சிறைப்படுகிறது. நாளடைவில் நுரையீரல் ஊதிப் பெருத்து, மார்புக்கூடு பீப்பாய்போல் உருண்டு, கவிழ்த்த கிண்ணம்போல் இருந்த உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. மூச்சுக்கு முதன்மைத் தசையான அது வலுவிழப்பதால், கழுத்துத் தசைகளும் தோள்பட்டைத் தசைகளும் அந்த வேலையைச் செய்ய முற்படுகின்றன.

பீடியும் சிகரெட்டும் முதல் காரணங்கள். ஆனால் வாழ்நாளில் புகையையே தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. காற்றோட்டமில்லாத சமையலறையில் விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் பல ஆண்டுகள் உட்கார்ந்து சமைத்ததே அவர்களில் பலருக்குக் காரணம். கல்குவாரித் தூசு, பஞ்சுத் தூசு, தானியத் தூசு, இரசாயனப் புகை, குழந்தைப் பருவத்தில் அடிக்கடி வந்த நுரையீரல் தொற்று, பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்பு ஆகியவையும் பங்கு வகிக்கின்றன. ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக இருப்பதால் வருவது அரிது.

இதை ஆஸ்துமா என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆஸ்துமா பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும்; வந்து வந்து போகும்; இடைப்பட்ட நாள்களில் மூச்சு சீராக இருக்கும். சி.ஓ.பி.டி. பெரும்பாலும் 40 வயதுக்குமேல் தலைகாட்டி, ஆண்டுக்காண்டு மெல்ல முற்றும். உறுதிசெய்வது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முழு மூச்சில் முதல் நொடியில் வெளியேறும் காற்றின் பங்கு 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலையானது என்று பொருள். நோயின் இயல்பு மூச்சை விடுவதில் வெளிப்படுவதால், பரிசோதனையும் அதையே அளக்கிறது.

பார்த்தும் கேட்டும் அறிவது

செவிலியரின் மதிப்பீடு நோயாளியைப் பார்க்கும் கணத்திலேயே தொடங்குகிறது. படுக்க முடியாமல் கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா? ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறாரா? கழுத்துத் தசைகள் புடைத்து ஏறி இறங்குகின்றனவா? உதடும் நாக்கும் நீலம் பாரித்திருக்கின்றனவா? கால் வீங்கி, கழுத்து இரத்தக்குழாய் புடைத்திருந்தால், நுரையீரலின் சுமை இதயத்தின் வலப்பக்கத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம்.

மூச்சு எண்ணிக்கையை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சின் வேகத்தை மாற்றிவிடுவார். எனவே நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பின் அசைவைக் கவனிப்பது வழக்கம். வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. சளியின் அளவு, நிறம், கெட்டித்தன்மை ஆகியவற்றையும் நாள்தோறும் குறிக்க வேண்டும். வெண்மையாக இருந்த சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது தொற்றின் அடையாளமாக இருக்கலாம்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பயனுள்ள கருவி. ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, குளிர்ந்த விரல் ஆகியவை அளவைப் பிழையாகக் காட்டலாம். அண்மையில் புகைத்தவரின் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் அது ஆக்சிஜன் என்றே கணக்கிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரியமில வாயு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதை அறிய தமனி இரத்தத்தில் செய்யும் வாயுப் பரிசோதனை தேவை.

எண்களைவிட முக்கியமானது, இந்த நோயாளியின் வழக்கமான நிலை எது என்பது. மற்றவர்களுக்குக் குறைவாகத் தோன்றும் ஆக்சிஜன் அளவு அவருக்குப் பல ஆண்டுகளாகப் பழகியதாக இருக்கலாம். எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார், ரேஷன் கடைவரை நிற்காமல் நடக்கிறாரா, குளித்து உடுத்தவே மூச்சு வாங்குகிறதா, போன மாதம் முடிந்தது எது இந்த மாதம் முடியவில்லை என்ற கேள்விகளுக்கு வீட்டார் சொல்லும் பதில்தான் அளவுகோல். விரல் நுனி முரசடிக்கும் கோலின் முனைபோல் பருத்திருந்தால் அதைத் தனியாக மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அது இந்த நோயின் வழக்கமான அறிகுறி இல்லை. நுரையீரல் புற்றுநோய் போன்ற வேறொன்றைத் தேட வேண்டியிருக்கலாம்.

ஊதப் பழகுதல்

உதட்டைக் குவித்து மூச்சு விடுவது எந்தக் கருவியும் வேண்டாத பயிற்சி. தோளைத் தளர்த்தி, வாயை மூடி, இரண்டு எண்ணும் நேரம் மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். பிறகு, சூடான பாலை ஆற்ற ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் நேரம் மெல்ல விட வேண்டும். முக்கி ஊதக் கூடாது. குவிந்த உதடு காற்றுக்குச் சிறு தடையாக நிற்கும்போது, மூச்சுக்குழாய்களுக்குள் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. அந்த அழுத்தம் தொய்ந்த குழாய்கள் மூடிக்கொள்ளாமல் தாங்குகிறது; சிறைப்பட்ட காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது.

மூச்சுத்திணறலின் உச்சத்தில் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. நோயாளி அமைதியாக இருக்கும் வேளையில் நாள்தோறும் பழக்கினால்தான், திணறும்போது உடம்பு தானாக அதற்குத் திரும்பும். உழைப்பு தேவைப்படும் கணத்தில் மூச்சை விட வேண்டும் என்பது இதன் தொடர்ச்சி. படியில் காலை எடுத்து வைக்கும்போதும், குடத்தைத் தூக்கும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும் ஊத வேண்டும். மூச்சை அடக்கி முக்குவது இவர்களுக்கு ஆகாது. எனவே மலச்சிக்கல் வராமல் பார்ப்பதும் பராமரிப்பில் அடங்கும்.

உட்காரும் விதமும் மூச்சை மாற்றும். முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையிலோ மேசைமேல் வைத்த தலையணையிலோ ஊன்றினால், தோள் தசைகளுக்குப் பிடிமானம் கிடைத்து அவை மூச்சுக்கு உதவும். வயிற்றின் அழுத்தம் தட்டையான உதரவிதானத்தைச் சற்று மேலே தள்ளும். நடக்கும் வழியில் திணறினால் சுவரில் முதுகைச் சாய்த்தோ திண்ணையில் கையூன்றியோ நிற்கலாம். படுக்கையில் இருப்பவருக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் சிறு தலையணை வைத்தால் கீழே சரியமாட்டார். முகத்துக்கு நேராகக் கைவிசிறியோ சிறு மின்விசிறியோ வீசுவதும் மூச்சுத்திணறல் உணர்வைத் தணிக்கும்.

சளியை அகற்றுதல்

விடாமல் இருமுவது நோயாளியைக் களைப்படையச் செய்யும், ஆனால் சளி வராது. பலமான இருமலில் தொய்ந்த குழாய்கள் மூடிக்கொள்வதுதான் காரணம். இதற்கு மாற்று, 'ஹஃப்' முறை. நடுத்தர அளவில் மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல 'ஹா' என்று இரண்டு மூன்று முறை வேகமாக விட வேண்டும். பிறகு சற்று ஓய்வெடுத்து மறுபடி செய்தால் சளி மேலேறி வரும். கடைசியில் ஓர் இருமல் போதும்.

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த சிறிது நேரம் கழித்து இதைச் செய்வது நல்லது. சாப்பாட்டுக்கு முன்போ, சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தோ செய்தால் வாந்தி வராது. இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் போதிய தண்ணீர் குடித்தால் சளி கெட்டிப்படாது. முதுகைத் தட்டிச் சளி எடுப்பதும் உடலைச் சாய்த்து வடியவிடுவதும் எல்லோருக்கும் ஏற்றவை அல்ல. எலும்பு பலவீனமானவர்கள், சளியில் இரத்தம் வருபவர்கள், தலை தாழ்ந்தால் திணறுபவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் அல்லது இயன்முறை சிகிச்சையாளரின் ஆலோசனையின்றிச் செய்யக் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையை மூடி ஆவி பிடிப்பது திணறும் முதியவருக்கு வெந்நீர்க் காயத்தை உண்டாக்கக்கூடும். இருமலை அடக்கும் மருந்தையும் தூக்க மாத்திரையையும் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. முன்னது சளியைத் தேக்கும்; பின்னது மூச்சையே மந்தமாக்கும்.

ஆக்சிஜனுக்கும் அளவு உண்டு

மூச்சுத்திணறும் ஒருவருக்கு ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிடுவது இயல்பான உந்துதல். இந்த நோயில் அது ஆபத்தாகலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சில் ஏற்றப்பட்ட 405 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மிகுதியான ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினர் இறந்தனர். இரத்த ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி அளந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டினர்.

உடம்பு குறைந்த ஆக்சிஜனுக்கு ஏற்ப, காற்றோட்டம் நன்றாக உள்ள நுரையீரல் பகுதிகளுக்கே இரத்தத்தைத் திருப்பிவிட்டிருக்கும். ஆக்சிஜன் மிகும்போது காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கும் இரத்தம் பாய்கிறது. அங்கிருந்து கரியமில வாயு வெளியேற வழியில்லை. அதோடு, ஆக்சிஜனால் நிறைந்த சிவப்பணுக்கள் கரியமில வாயுவைச் சுமக்கும் திறனும் குறைகிறது. சிலருக்கு மூச்சின் உந்துதலும் தணிகிறது. எனவே கரியமில வாயு தேங்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு 88 முதல் 92 விழுக்காடே இலக்கு. இந்த அளவைத் துல்லியமாகக் காக்க உதவுவது வெஞ்சுரி முகமூடி. மோரன் கேம்பெல் என்ற மருத்துவர் 1960-ல் அறிமுகப்படுத்திய இது, 24 அல்லது 28 விழுக்காடு என நிர்ணயித்த செறிவிலேயே ஆக்சிஜனைத் தருகிறது.

இதற்காக, ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்தவருக்கு அதைக் கொடுக்கத் தயங்கவும் கூடாது. ஆக்சிஜன் இல்லாமை கரியமில வாயுவைவிட விரைவில் உயிரைப் பறிக்கும். கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருந்து கண்காணிக்கவும் வேண்டும். காலைத் தலைவலி, மயக்கமான தூக்கம், குழப்பமான பேச்சு, வெதுவெதுப்பான கை, நீட்டிய கைகள் சிறகடிப்பதுபோல் துடிப்பது ஆகியவை கரியமில வாயு தேங்குவதன் அடையாளங்கள். திணறிக்கொண்டிருந்தவர் திடீரென அமைதியாகித் தூங்கினால், நலமடைந்துவிட்டார் என்று எண்ணி விலகிவிடக் கூடாது. எழுப்பிப் பார்க்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும்போதே இரத்த ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் சிலருக்கு வீட்டிலும் ஆக்சிஜன் பரிந்துரைக்கப்படுகிறது. அப்படிப்பட்டவர்கள் நாளுக்கு 15 மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் ஆயுள் நீள்கிறது என்பதை 1980-லும் 1981-லும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள் நிறுவின. அந்த வீட்டில் நெருப்புக்கு இடமில்லை. பீடி, அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் ஆக்சிஜன் இருக்கும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். மூக்கு வறண்டால் வாசலைன் போன்ற எண்ணெய்ப் பசை தடவாமல், நீர் சார்ந்த ஜெல்லைப் பயன்படுத்த வேண்டும். குழாய் அழுத்தும் காதுமடலில் புண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவதால், மின்தடைக்கு மாற்றாக சிலிண்டரோ இன்வெர்ட்டரோ தேவை. எவ்வளவு திணறினாலும், மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் குமிழைத் திருப்பக் கூடாது.

இன்ஹேலர் குறித்த அச்சமும் பிழைகளும்

"இன்ஹேலர் பழகிட்டா விட முடியாது, அது கடைசி மருந்து" என்ற எண்ணம் ஊரெங்கும் உள்ளது. உண்மை நேர்மாறானது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை மில்லிகிராம் அளவில் விழுங்கப்பட்டு உடல் முழுவதும் பரவுகிறது. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வருவது 100 மைக்ரோகிராம்தான். அது வேண்டிய இடத்துக்கே நேராகப் போகிறது. தொடர்ந்து எடுக்க வேண்டியிருப்பது நோய் நாள்பட்டது என்பதால். அதில் மருந்துக்கு அடிமையாவது என்ற பேச்சே இல்லை. இதைப் பொறுமையாகச் சொல்லி நம்ப வைப்பதும் செவிலியரின் பணி.

அழுத்தும் வகை இன்ஹேலரைக் குலுக்கி, மூடியைக் கழற்றி, நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முடிந்தவரை வெளியே விட வேண்டும். பின் வாயில் பொருத்தி, மெல்ல மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, முழுவதும் இழுத்து, பத்து நொடி அடக்கி விட வேண்டும். அடுத்த அழுத்தத்துக்கு அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராதவர்களுக்கு, இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் உதவும். பொடி வகையில் முறை வேறு: அதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதினால் பொடி ஈரமாகிவிடும். அதற்கான கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்களும் உண்டு. ஆகவே "புரிந்ததா" என்று கேட்பது போதாது. "எப்படி எடுப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்டு, ஒவ்வொரு வருகையிலும் பார்த்துத் திருத்த வேண்டும்.

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலருக்குப் பின் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெண்பூஞ்சை படரலாம். சால்பியூட்டமால் கை நடுக்கத்தையும் படபடப்பையும் தரலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோப்பியம் வகை மருந்துகள் வாயை உலர்த்தும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பைக் கூட்டலாம். மருந்தைப் புகைமூட்டம்போல் ஆக்கித் தரும் நெபுலைசரின் முகமூடியிலிருந்து அவை கண்ணில் பட்டால் கண் அழுத்த நோயைத் தூண்டலாம். தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர் பீடியை நிறுத்தினால், இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடும். குமட்டலோ படபடப்போ வந்தால் உடனே தெரிவிக்கும்படி அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு நெபுலைசரை ஆக்சிஜனில் ஓட்டாமல் காற்றில் ஓட்டுவதே முறை.

திடீரென முற்றும்போது

மூச்சுத்திணறல் வழக்கத்தைவிடக் கூடுவது, சளி அதிகமாவது, சளியின் நிறம் மாறுவது ஆகிய மூன்றும் நோய் திடீரென முற்றுவதன் முக்கிய அடையாளங்கள். பெரும்பாலும் வைரஸ் அல்லது பாக்டீரியாத் தொற்றே இதைத் தூண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளி முன்பிருந்த நிலைக்கு முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்பதால், இதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது மிக முக்கியம்.

மருத்துவமனையில் மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்துகளும், பெரும்பாலும் ஐந்து நாள் ஸ்டீராய்டும், தேவைக்கேற்ப ஆன்டிபயாட்டிக்கும் தரப்படும். ஸ்டீராய்டு எடுக்கும் நாள்களில் சர்க்கரை அளவு ஏறும் என்பதால் அதைச் சோதிக்க வேண்டும். இரத்தம் அமிலத்தன்மை அடையுமளவு கரியமில வாயு தேங்கினால், பைபாப் எனப்படும் முகமூடிவழிச் செயற்கைச் சுவாசம் பொருத்தப்படுகிறது. தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டிய நிலையையும் இறப்பையும் இது குறைக்கிறது.

பைபாப்பின் வெற்றி கருவியைவிட, கட்டில் அருகே நிற்பவரைச் சார்ந்தது. முகத்தை இறுக்கும் முகமூடி திணறுபவருக்கு மூச்சை அடைப்பதுபோல் தோன்றும், அவர் அதைப் பிடுங்கி எறிவார். வாரை உடனே கட்டாமல், முகமூடியைக் கையில் பிடித்து முகத்தருகே வைத்து, "மெஷினோட சேர்ந்து மூச்சு விடுங்க ஐயா, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று பழக்கிய பிறகு கட்டும் செவிலியரிடம் நோயாளி ஒத்துழைப்பார். மூக்குத்தண்டில் புண் வராமல் மெத்தை வைப்பது, காற்றுக்கசிவைச் சரிசெய்வது, வயிறு உப்புகிறதா, வாந்தி வருமா, நினைவு தெளிகிறதா மங்குகிறதா என்று பார்ப்பது, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்த வாயுப் பரிசோதனை மறுபடி எடுக்கப்படுவதை உறுதிசெய்வது ஆகியவை தொடர்ந்து நடக்க வேண்டும்.

உணவு, நடை, ஓய்வு

மூச்சு விடுவதற்கே மிகுந்த ஆற்றல் செலவாவதால் நோயாளி இளைக்கிறார். தசை கரையக் கரைய மூச்சுத்தசையும் பலவீனமாகிறது. ஊதிய நுரையீரல் வயிற்றை அழுத்துவதால் நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். எனவே மூன்று வேளையை ஆறு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால், நிலக்கடலை போன்ற புரதமும் ஆற்றலும் நிறைந்தவற்றைத் தர வேண்டும். அதிகம் மெல்லத் தேவையில்லாத குழைந்த சாதம், கிச்சடி, இட்லி எளிதாக இறங்கும். வாயுவை உண்டாக்குபவை உப்புசத்தைக் கூட்டினால் குறைக்கலாம். சாப்பிடும் முன் சிறிது நேரம் ஓய்வு வேண்டும். ஆக்சிஜனில் இருப்பவர் சாப்பிடும்போதும் மூக்குக்குழாயைத் தொடரலாம். கால் வீக்கம் உள்ளவருக்கு உப்பைக் குறைக்க வேண்டும். எடையை வாரம் ஒருமுறை குறித்துவைத்தால் இளைப்பும் நீர்த்தேக்கமும் தெரியவரும்.

மூச்சு வாங்கும் என்று பயந்து நோயாளி நடப்பதை நிறுத்துகிறார். நடக்காததால் தசை தளர்கிறது. தளர்ந்த தசை அதிக ஆக்சிஜன் கேட்கிறது. முன்பைவிட விரைவில் மூச்சு வாங்குகிறது. இந்தச் சுழலை உடைப்பது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. கண்காணிப்புடன் ஆறு முதல் எட்டு வாரங்களாவது நடை, கை கால் வலுவூட்டல், மூச்சுப் பயிற்சி, நோய்க்கல்வி ஆகியவை தரப்படும். இதில் நுரையீரலின் அளவீடு பெரிதாக மாறாவிட்டாலும், நடக்கும் தூரம் கூடும்; திணறல் குறையும்.

வேலைகளை எளிதாக்குவதும் கற்க வேண்டிய ஒன்று. முக்காலியில் உட்கார்ந்து குளிக்கலாம். உட்கார்ந்தே காய் நறுக்கலாம். அடிக்கடி எடுக்கும் பொருள்களை இடுப்பு உயரத்தில் வைக்கலாம். தலைக்கு மேல் கையைத் தூக்கும் வேலை அதிக மூச்சைக் கேட்கும். உடம்பு தெம்பாக இருக்கும் நேரத்துக்குக் கடினமான வேலையை ஒதுக்கி, இடையிடையே உட்கார வேண்டும்.

அச்சமும் தனிமையும்

மூச்சு கிடைக்காத அனுபவம் மரண பயத்தைத் தருவது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. வேகமான மூச்சில் காற்றை வெளியே விட நேரம் கிடைப்பதில்லை. காற்று மேலும் தேங்கித் திணறல் கூடுகிறது. அந்த வேளையில் நோயாளியைத் தனியே விடக் கூடாது. சுற்றிக் கூட்டம் நிற்கவும் கூடாது. ஒருவர் மட்டும் எதிரே அமர்ந்து, ஆம், இல்லை என்று தலையசைத்துச் சொல்லக்கூடிய கேள்விகளையே கேட்டு, தாமே மெல்ல ஊதிக் காட்டினால் நோயாளியின் மூச்சும் அந்த வேகத்துக்கு இறங்கும். பலருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. இருமலுக்கும் சளிக்கும் கூச்சப்பட்டுத் திருமணம், கோயில் என எங்கும் போகாமல் முடங்குகிறார்கள். புகைத்ததால் வந்ததுதானே என்று வீட்டார் சொல்லிக்காட்டுவது இந்த முடக்கத்தை ஆழமாக்கும்.

வீடு திரும்பும் முன்

புகையை நிறுத்துவதால் இழந்த நுரையீரல் திரும்பாது; ஆனால் சரிவின் வேகம் குறையும். லண்டனில் பல ஆண்டுகள் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்து, ஆய்வாளர்கள் பிளெட்சரும் பீட்டோவும் 1977-ல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது. எந்த வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு. நிகோடின் மிட்டாயும் சூயிங் கம்மும் மருத்துவ ஆலோசனையும் உதவும். 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டல் கிடைக்கும். வீட்டில் விறகடுப்பு இருந்தால் எரிவாயுவுக்கு மாறுவது, முடியாவிட்டால் அடுப்பை வெளியே மாற்றுவது, கொசுவர்த்திச் சுருளையும் குப்பை எரிப்பதையும் தவிர்ப்பது ஆகியவையும் சிகிச்சையே. ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசியும், மருத்துவர் சொல்லும் நிமோகாக்கல் தடுப்பூசியும் போட வேண்டும்.

எந்த மருந்து தினமும், எது திணறும்போது மட்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சளி நிறம் மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் வீங்கினாலோ, வழக்கமான மருந்துக்குத் திணறல் அடங்காவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உதடு நீலமானாலோ, பேச முடியாவிட்டாலோ, குழப்பமோ மயக்கமோ தெரிந்தாலோ தாமதிக்காமல் 108-ஐ அழைத்து, நோயாளிக்கு சி.ஓ.பி.டி. இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். ஆக்சிஜனை அளந்து கொடுக்க அது உதவும்.

நோய் முற்றிய நிலையில்

எல்லாச் சிகிச்சைக்குப் பின்னும் ஓய்விலேயே மூச்சு வாங்கும் நிலை சிலருக்கு வரும். அப்போது வலி, துயர் தணிக்கும் சிகிச்சையின் பங்கு பெரிதாகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இத்தகைய தணிப்புச் சிகிச்சையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. மருத்துவர் முடிவுசெய்தால், மிகக் குறைந்த அளவு மார்ஃபின் திணறல் உணர்வைக் குறைக்கலாம். செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா, கடைசி நாள்கள் வீட்டிலா மருத்துவமனையிலா என்பதை நோயாளி தெளிவாகப் பேசக்கூடிய நாளிலேயே கேட்டறிந்து குடும்பத்தோடு பகிர வேண்டும். படுக்கைப்புண் வராமல் புரட்டுவது, வறண்ட வாயை நனைப்பது, தலையை உயர்த்தி வைப்பது, சன்னலைத் திறந்து வைப்பது, விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்புவது ஆகியவை கடைசி நாள்வரை தொடர வேண்டிய பணிகள்.